மட்டுவார்குழலி என்று உனக்கு ஏன் பேர் வைத்தோம்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: இன்று காலை, திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைக்குக் கீழே, தெப்பக்குளத்திலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில் இருக்கும் நம் வீட்டுக் கூடத்தில், தொட்டிலில் கிடந்த நீ ஒரு தும்மல் தும்மினாய். ஜன்னலில் உட்கார்ந்திருந்த பூனை தெருவில் குதித்து ஓடிப்போயிற்று. என் அம்மா "நூறு வயசு" என்றாள். அது உனக்கா பூனைக்கா என்று நான் கேட்டதற்கு என் தலையில் ஒரு குட்டு விழுந்தது. இத்தனை அமளியையும் உண்டாக்கிவிட்டு நீ மறுபடி தூங்கிப்போனாய். சர்க்கார் கெஜட்டில் இந்தச் சேதி வரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஆகவே நானே எழுதிவைக்கிறேன்.

மகளே, பெண் கல்யாணமாகிப் புறப்படுகிறபோது பெற்றவர்கள் புத்திமதி சொல்லிக் கடிதம் எழுதுவது உண்டு. உன் அப்பா, அதாவது என் அத்தான், தங்கமான மனிதர். ஆனால் அவருடைய அப்பா இருக்கும் திசையில் வாயைத் திறக்க மாட்டார், பேனாவையும் திறக்க மாட்டார். எனவே அந்தப் பொறுப்பை உன் தாய்மாமன் ஏற்கிறேன். தாய்மாமன் என்ற சொல்லில் முன்பாதி தாய் அல்லவா? பாதிப் பெற்றவன் என்ற தகுதி எனக்குப் போதும். எனக்கு வயது பதினாறு. எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிறேன், அல்லது எஸ்.எஸ்.எல்.சி. என்னைப் படுத்துகிறது. உனக்குப் பிறந்து இன்னும் ஒரு மாதம்கூட நிறையவில்லை. நீ வளர்ந்து பெரியவளாகி ஒரு வீட்டுக்குக் கிளம்பும் நாளில் இதைப் படிக்கப் போகிறாய். அதற்குள் ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பாய்: "ஊர்ல எல்லாருக்கும் அழகழகாப் பேர் இருக்கு, எனக்கு மட்டும் எதுக்கு இப்படிக் கொள்ளுப்பாட்டி காலத்துப் பேரு?" அதற்குப் பதில் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. பள்ளிக்கூடத்தில் எனக்கு நல்ல பேர் இல்லையே தவிர, கெட்ட பேர் ஏராளமாக உண்டு. பேர் விஷயத்தில் அவ்வளவு அனுபவம். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: உனக்கு இந்தப் பேர் கிடைக்கக் காரணம் அடியேன்தான்.

இப்போது இங்கே சரோஜா, விமலா, நிர்மலா இவைதான் மோஸ்தர். எங்கள் தெருவில் நின்று "விமலா" என்று ஒரு சத்தம் போட்டால் நாலைந்து ஜன்னல் திறக்கும். நான் போட்டுப் பார்த்துவிட்டு ஓடியிருக்கிறேன். நீ பிறந்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. குழந்தைக்குத் தனக்கு எந்தப் பேர் பிடிக்கும் என்று தெரியுமோ, தெரியாதோ? தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பேராகச் சொல்லிப் பார்த்தேன். சரோஜாவுக்குக் கொட்டாவி விட்டாய். விமலாவுக்கு விக்கினாய். தையல்நாயகிக்குக் காலை உதைத்தாய். ஜிலேபி என்றேன், சிரித்தாய். அதை வைத்துவிடலாம் என்று சபையில் சொன்னபோது என் அப்பா செருப்பைத் தேடினார். நீ இதைப் படிக்கிற காலத்தில் எப்படி இருக்குமோ? விமலா என்றால் பல் போன கிழவியின் பேர் என்று உன் தோழிகள் சிரிப்பார்களோ? அப்போது மட்டுவார்குழலி புது மோஸ்தராகி, தெருவில் ஒருவன் உன் பேரைக் கத்த, நாலைந்து ஜன்னல் திறக்குமோ? எனக்கு அதைப் பார்க்க ரொம்ப ஆசை.

சண்டை எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். உன் அம்மா, என் அக்கா, தலைப்பிரசவத்துக்கு இங்கே வந்திருந்தாள். நீ பிறந்த சேதி போனதும் ஸ்ரீரங்கத்திலிருந்து அவளுடைய மாமனார் ஆள் அனுப்பினார். பெண் குழந்தையா, சந்தோஷம், காலமான என் சம்சாரத்தின் பேரை வைக்க வேண்டியது, செங்கமலம். அவ்வளவுதான் தகவல். எங்கள் வீட்டில் எல்லாரும் தலையாட்டினார்கள். முதல் பேத்திக்கு அப்பனைப் பெற்றவளின் பேர் என்பது ஊரறிந்த வழக்கம். செங்கமலம் என்ற பேரிலும் குற்றம் இல்லை. ஆனால் அக்கா மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"ஏன்டி, பேரு பிடிக்கலையா?" என்றாள் அம்மா.

"பேரு நல்லாத்தான் இருக்கு. நான் எப்படிக் கூப்பிடறது?"

அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. உயிரோடு இருந்தாலும் கூடாது, போய்ச் சேர்ந்தாலும் கூடாது. உன் அம்மா அந்த அத்தையைப் பார்த்ததுகூட இல்லை. அவள் கல்யாணத்துக்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். ஆனாலும் கூடாது. செங்கமலம் என்று உனக்குப் பேர் வைத்தால், உன்னைப் பெற்றவள் ஆயுசு பூராவும் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியாது. "அதனாலென்ன, பாப்பான்னு கூப்பிட்டுக்கோ. எல்லா வீட்லயும் அப்படித்தானே?" என்றாள் அம்மா. "பாப்பான்னா ஊர்ல பாதிப் பேர் திரும்பும்" என்றாள் அக்கா. "பெத்தவ நான். கூப்பிட எனக்கு மட்டும் வாய் இல்லையா?" இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் கேலி செய்திருப்பேன். அழாததால் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

இந்த வழக்கத்தை நான் அதுவரை ஒரு வேடிக்கையாகத்தான் வைத்திருந்தேன். எதிர்வீட்டு அம்மாளுடைய மாமனார் பேர் சீரங்கம். பாவம், ஆற்றுக்கு இந்தப் பக்கம் குடியிருந்துகொண்டு அந்த ஊர்ப் பேரையே சொல்ல முடியாமல் திண்டாடுவாள். ஜட்காக்காரனிடம், "அக்கரைக்குப் போகணும்பா, பெரிய கோபுரம் இருக்கே, அந்த ஊருக்கு" என்பாள். நான் ஜட்காவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "திருவானைக்காவுக்கா?" என்பேன். "இல்லடா, அதுக்கும் அந்தண்டை." "சமயபுரமா?" "அவ்வளவு தூரம் இல்லடா, படவா!" ஜட்காக்காரனுக்கும் விஷயம் தெரியும், அவனும் சேர்ந்துகொண்டு, "எந்தச் சாமி இருக்கிற ஊரு தாயீ?" என்று கேட்பான். "படுத்திருக்கிற சாமி!" என்று அவள் கத்த, தெருவே சிரிக்கும். அத்தனை தடவை சிரித்திருக்கிறேனே, சொல்ல முடியாமல் அவள் தொண்டையில் நிற்பது என்ன என்று ஒரு தடவையாவது யோசித்தேனா என்றால், இல்லை. அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிய பிறகுதான் யோசித்தேன்.

யோசிக்க ஆரம்பித்தால் ஒன்றிலிருந்து ஒன்று வருகிறது. என் அக்காவின் பேர் அகிலாண்டம். கல்யாணமாகி அக்கரைக்குப் போன அன்றைக்கே, பெருமாளுக்குப் பூக் கொடுக்கிற வீட்டில் இந்தச் சிவன் கோயில் அம்மன் பேர் வேண்டாம் என்று பத்மாவதி ஆக்கிவிட்டார்கள். ஸ்ரீரங்கம் பேர்போன ஊர் என்கிறார்கள். என் அக்காவைப் பொறுத்தவரை அது வாஸ்தவம். அங்கே போனதும் பேர் போய்விட்டது. எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், அது போனதே எனக்குத் தெரியவில்லை. நான் அக்கா என்றுதானே கூப்பிடுகிறேன்? எனக்கு எதுவும் குறையவில்லை. ஆனால் அந்த வீட்டில் வருகிற மருமகளுக்கெல்லாம் பேர் மாற்றுவது வழக்கம் என்றால், அந்தக் காலத்தில் வந்த மருமகளுக்கும் மாற்றியிருப்பார்கள் அல்லவா? செங்கமலம் என்பது வைத்த பேரா, மாற்றி வைத்த பேரா? இந்தக் கேள்வி என் கூர்மையான மூளையில் மின்னலாக வெட்டியது என்பதைக் குறித்துக்கொள்.

முதலில் ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். உன் அப்பாவழித் தாத்தாவின் பூ மண்டியை நீ பார்த்திருப்பாய். குவித்து வைத்த மருக்கொழுந்துக்கு நடுவில், ஈரச் சாக்கில் கால் வைத்துக்கொண்டு, மீசையும் அதட்டலுமாக உட்கார்ந்திருந்தார். குழந்தை சுகமா என்று கேட்டார். சுகம் என்றேன். பிறகு, கேட்க வேண்டியதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல், "மாமா, அத்தையை நீங்க என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டுவிட்டேன். பூக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கை அப்படியே நின்றது. அவர் கோபித்துக்கொள்வார் என்று ஒரு காலை வாசல்பக்கம் வைத்துத் தயாராக நின்றேன். கோபிக்கவில்லை.

"பேர் சொல்லியா? நான் எதுக்குடா பேர் சொல்றேன். லேசாச் செருமுவேன். வந்துடுவா."

"அடுக்களையில இருந்தா?"

"எங்க இருந்தாலும் வந்துடுவா" என்றார். மருக்கொழுந்தை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, "மூணு வீடு தள்ளி இருந்தாக்கூடக் கேக்கும் அவளுக்கு" என்றார். அப்புறம் ஒரு பந்து மல்லிகையை அக்காவுக்கு என்று கட்டிக் கொடுத்துப் போகச் சொன்னார்.

அங்கிருந்து உறையூருக்கு நடந்தேன். அந்த அத்தை பிறந்த ஊர் அது. அவருடைய தம்பி அங்கே சுருட்டுக் கடை வைத்திருக்கிறார். முட்டியின் மேல் பலகையை வைத்துக்கொண்டு புகையிலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். செங்கமலத்தம்மாளுடைய தம்பி நீங்கள்தானே என்று கேட்டேன். சுருட்டுவதை நிறுத்தாமல், "அது அவங்க வச்ச பேரு" என்றார்.

"அப்ப உங்க அக்கா பேரு?"

"மட்டுவார்குழலி. மலைக்கோட்டை அம்மன் பேரு. வீட்ல குழலின்னு கூப்பிடுவாங்க. அக்கரைக்குப் போனதும் மாத்திட்டாங்க."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"நான் உன்னைவிடச் சின்னப் பையன் தம்பி அப்ப. அக்கான்னு கூப்பிடறவனுக்கு அக்கா பேரு என்னவா இருந்தா என்ன? போனா, வந்தா, சோறு போட்டா." ஒரு சுருட்டின் நுனியைக் கத்தியால் நறுக்கினார். "அவ செத்தன்னைக்குத்தான் தெரிஞ்சுது. பொம்பளைங்க எல்லாம் சுத்தி உக்காந்து, 'செங்கமலம், எங்களை விட்டுப் போயிட்டியே'ன்னு மாரடிச்சு அழுவறாங்க. எனக்கு அழுகையே வரல. யாரோ ஒருத்தங்க எழவுக்கு வந்து உக்காந்திருக்கிற மாதிரி இருந்துச்சு."

பெயர் வைக்கிற நாளைச் சொல்லி, கட்டாயம் வரவேண்டும் என்று அழைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னபோது அவள் எழுந்து உட்கார்ந்தாள். "குழலி" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். சொல்லிவிட்டு, யாராவது கேட்டார்களா என்று வாசலைப் பார்த்தாள்.

பெயர் வைக்கும் நாள் வந்தது. அக்கரையிலிருந்து உன் தாத்தா கூடை கூடையாகப் பூவோடு வந்து இறங்கினார். தொட்டில் எங்கே இருக்கிறது என்று தெரியாதபடி பூ. உள்ளே நீ இருக்கிறாயா என்று நான் ஒரு தடவை கையை விட்டுப் பார்த்துக்கொண்டேன். கூடத்தில் ஆண்கள், கதவோரத்தில் பெண்கள். உறையூர்க்காரர் வந்து தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். உன் தாத்தா மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, உன் காதில் பேர் சொல்வதற்காகக் குனிந்தார். அப்போதுதான், மகளே, உன் மாமன் எழுந்தேன். சிங்கம் போல் எழுந்தேன். சபையை ஒரு பார்வை பார்த்தேன். கணீரென்ற குரலில், "மாமா, கொஞ்சம் பொறுங்க" என்றேன். "அக்கரையில அத்தைக்கு வச்ச பேரு செங்கமலம். அது மாமியார் பேரு. மருமக சொல்ல மாட்டா, சொல்லவும் வேண்டாம், அந்த மரியாதை அப்படியே இருக்கட்டும். ஆனா இக்கரையில அவங்களுக்கு ஒரு பேரு இருந்துச்சு. மட்டுவார்குழலி. அந்தப் பேரை உங்க வீட்ல யாரும் கூப்பிட்டதில்ல. அது மாமியார் பேரு இல்ல, உறையூர்ப் பொண்ணு பேரு. அதைக் குழந்தைக்கு வைங்க. அம்மாக்காரி வாயாரக் கூப்பிடட்டும்" என்றேன்.

என் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். உன் அப்பா தரையைப் பார்த்தார். தரையில் ஒன்றும் இல்லை. உன் தாத்தா குனிந்தபடியே அப்படியே நின்றார். பிறகு நிமிர்ந்தார். செருமினார். செருமிவிட்டு, அவரை அறியாமலே, அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

யாரும் வரவில்லை.

எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று எனக்குத் தெரியாது. தூணுக்குப் பின்னால் உறையூர்க்காரர் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். புகையிலைக் கையோடு தேய்த்ததால் மேலும் தண்ணீராகக் கொட்டியது. உன் தாத்தா மறுபடி குனிந்து, உன் காதருகே வாயை வைத்து, "மட்டு... மட்டுவார்குழலி" என்றார். முதல் தடவை தடுக்கியது. இரண்டாம் தடவை சரியாக வந்தது. மூன்றாம் தடவை சொல்லும்போது உன்னிடம்தான் சொன்னாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

இதுதான் உன் பேரின் கதை. பெற்றவர்கள் கடிதத்தில் புத்திமதி இல்லாவிட்டால் சோற்றில் உப்பில்லாத மாதிரி இருக்குமாம். ஆகவே கொஞ்சம் சொல்கிறேன். நீ எந்த ஆற்றைத் தாண்டி எந்த வீட்டுக்குப் போனாலும், வாசற்படியில் செருப்பை விடு, பேரை விடாதே. இப்படி நீளப் பேர் எங்களுக்கு வாயில் நுழையாது என்று யாராவது சொன்னால், வாயைப் பெரிதாகத் திறக்கச் சொல். உன்னைக் கட்டிக்கொள்கிறவன் செருமினால், இருமல் மருந்து வாங்கிக் கொடு. பேர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் எழுந்து போ. உனக்குத் தம்பி பிறந்தால், அவன் உன்னை அக்கா என்று கூப்பிடட்டும். ஆனால் உன் பேர் என்ன என்று அவனிடம் அவ்வப்போது கேட்டுக்கொண்டே இரு. இவ்வளவும் சொன்ன பிறகு எனக்கே ஆர்வம் தாங்காமல், நேற்றுச் சாயங்காலம் கூடத்திலிருந்து, "ஏய், அகிலாண்டம்!" என்று கத்திப் பார்த்தேன். "என்னாடா?" என்று உன் அம்மா பட்டென்று பதில் கொடுத்தாள். அப்புறம்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டவன் தம்பி என்று ஞாபகம் வந்து, விசிறிக்கட்டையோடு வந்தாள். வந்தவள் அடிக்கவில்லை. "இன்னொரு தடவை கூப்பிடு பாப்போம்" என்றாள். மிரட்டலா, ஆசையா என்று எனக்குத் தெரியவில்லை. கூப்பிட்டேன். அதற்கு அடித்தாள், ஆனால் மெதுவாக.

கடிதத்தை இங்கே முடித்திருக்கலாம். ஆனால் நீ இதைப் படித்துவிட்டு நேராக உன் அம்மாவிடம் போய், "மாமா சிங்கம் மாதிரி எழுந்தாராமே?" என்று கேட்பாய். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் சொல்லி நீ தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுவது கௌரவம். நான் எழுந்தது வாஸ்தவம். மூன்று நாளாகக் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்ததும் வாஸ்தவம். ஆனால் உன் தாத்தா என் பக்கம் மீசையைத் திருப்பியதும் என் வாயிலிருந்து வந்தது "மா... மா..." என்ற ஓசை மட்டும்தான், அதுவும் வாய்க்குள் விசேஷத்துக்குச் சுட்ட சுழியம் ஒன்று இருந்தபடியால் ஆட்டுக்குட்டி அளவுக்குக்கூடத் தெளிவாக இல்லை. உட்கார்ந்துவிட்டேன். அந்த வார்த்தைகளை எல்லாம், செங்கமலம் என்ற ஒரு பேரைத் தவிர ஒன்று விடாமல், கதவோரத்திலிருந்து வெளியே வந்து நின்று பேசியது உன் அம்மா. மாமனார் முன்னால் அதுவரை தலை நிமிராதவள். அன்று நேராக அவர் மீசையைப் பார்த்துப் பேசினாள். உறையூருக்குப் போகச் சொன்னதும் அவள்தான். "எனக்கு மாத்தினவங்க அத்தைக்கும் மாத்தியிருப்பாங்கடா, போய்க் கேட்டுட்டு வா" என்று சுவரைப் பார்த்துப் படுத்தபடியே சொன்னாள். மின்னல் வெட்டியது அவள் மூளையில். நடந்தது என் கால். மண்டியில் போய் உளறியது மட்டும்தான் முழுக்க முழுக்க என் சொந்த யோசனை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உள்ளே அவள் "குழலீ, குழலீ" என்கிறாள். நீ தூங்குகிறாய் என்று அவளுக்குத் தெரியும். உன்னை எழுப்ப வேண்டிய வேலை ஒன்றும் இல்லை. சும்மா கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். நானும் பக்கத்தில் போய் உன் காதில், பாதிப் பெற்றவன் என்ற உரிமையோடு, ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். வாயில் இப்போதும் சுழியம் இருந்ததால் சரியாக வரவில்லை.